கவின் பக்கம் திறக்கிற கதவு

நவ. 11, செவ்வாய். விடாத தூறல்

தறி ரூம் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறது. இல்லை என்று யார் சொன்னது? நல்ல பித்தளைத் தாழ்ப்பாள். ஆனால் அதைப் போட ஒரு கை வேண்டுமே. அக்கா தறி ரூமுக்குள் போகும்போது ஒரு கையில் பட்டு நூல், இன்னொரு கையில் டீ. மாமா வெளியே வரும்போது காதில் போன். இரண்டு பேருமே கதவை விட்டது விட்டபடி போகிற ரகம். நானும்தான்.

அவர்கள் பிள்ளை கவின் தவழ ஆரம்பித்து ஒரு மாதம் இருக்கும். அதற்குள் வீட்டில் எந்தக் கதவு திறந்து கிடக்கிறது என்பது அவனுக்குத்தான் முதலில் தெரிகிறது.

உள்ளே தறிக் குழி. மாமா காலைத் தொங்கப் போட்டு மிதிக்கிற குழி. இந்த மழைக்கு அடியில் தண்ணீர் ஊறுகிறது. காலையில் மக்கில் மொண்டு வெளியே ஊற்றுகிறார், மறுநாள் மறுபடி நிற்கிறது. இன்று மத்தியானம் சாப்பிட வந்தேன். இவன் குழி விளிம்பில் வயிற்றை வைத்து, தலையைக் கீழே விட்டு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். ஜட்டியைப் பிடித்துத் தூக்கினேன். சிரிக்கிறான் படவா.

ஒரு ஆள் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளலாமே என்றால் முடியாது. தறியில் இப்போது ஓடுவது கோர்வைப் புடவை. உடம்பு ஒரு கலர், பார்டர் வேறு கலர். நடுவில் மாமா. ஓரத்தில் அக்கா, பார்டர் நூலைக் குறுக்கே கொண்டு போகிற நாடாக் கட்டையைத் தள்ளிவிட. ஒருத்தர் எழுந்தால் இன்னொருத்தர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். நான் பகலெல்லாம் பாஷாவின் அலுமினியப் பட்டறையில். பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டது, மொபைல் கடையைப் பாதியில் விட்டது, டெலிவரியைப் பாதியில் விட்டது, எல்லாம் போக இப்போது இது.

சாயங்காலம் வாலாஜாபாத்திலிருந்து போன். ருக்குமணி அத்தை. மாமாவுக்குக் கூடப் பிறந்த அக்கா. கவினுக்கு அத்தை என்பதால் நானும் அத்தை என்றுதான் கூப்பிடுவது. மாமா ஸ்பீக்கரில் போட்டுவிட்டார்.

"கொழந்தைய எங்கிட்ட உடுங்கன்னு எத்தினி வாட்டி சொல்றது? எங்க வூட்ல குழியும் இல்ல, குட்டையும் இல்ல. அவனுக்கு வெவரம் தெரியட்டும், அப்பறம் கூட்டிக்கினு போங்க."

விவரம் தெரிய என்றால் இரண்டு வருடமா, மூன்றா? அக்கா கழுவிக் கவிழ்த்திருந்த குக்கரை எடுத்து மறுபடி கழுவினாள்.

அப்போதுதான் யோசனை வந்தது. பாலிடெக்னிக்கில் படித்ததில் எனக்கு ஞாபகம் இருப்பது லேப் கதவு ஒன்றுதான். திறந்து விட்டால் தானே வந்து மூடிக்கொள்ளும். கீலுக்குள் ஸ்பிரிங். அதை இங்கே போட்டால் என்ன?

வாங்க:
ஸ்பிரிங் கீல் (இனி ஸ்.கீ.) இரண்டு
ஸ்க்ரூ, நீளமானது
மூங்கில் குச்சி, பசை. பழைய ஓட்டைகளை அடைக்க
ரசமட்டம். பாஷாவிடம் கேட்க, திட்டுவான்

அக்காவிடம் சொன்னேன். நம்பவில்லை. நாளைக்கே மாட்டுகிறேன் என்றேன். மாட்டி முடிப்பாயா என்று மட்டும் கேட்டாள்.

நவ. 12, புதன். மழை இல்லை. வெயிலும் இல்லை

மாட்டியாச்சு.

நிலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. ரசமட்டம் வைத்தால் குமிழி நடுவுக்கு வரவே மாட்டேன் என்கிறது. பழைய ஓட்டையெல்லாம் தொளதொள. மூங்கில் குச்சி சீவி, பசை தடவி அடித்து இறக்கி, காய்ந்த பிறகு ஸ்க்ரூ. மழையில் கதவு ஊறித் தரையில் உரசியது, அடியில் கொஞ்சம் இழைத்தேன்.

ஸ்.கீ.யைப் பார்க்கச் சாதாரண கீல் மாதிரிதான். நடுவில் மட்டும் குண்டாக ஒரு குழாய். தலையில் ஆலன் கீ என்கிற வளைந்த கம்பியை விட்டுத் திருகினால் உள்ளே ஸ்பிரிங் இறுகும். இறுகியதும் பக்கத்தில் தெரிகிற துளையில் சின்ன முள்ளைச் செருகி விட வேண்டும். அது பிடித்துக்கொள்ளும். ஒரு துளை கூட்டினால் வேகம், ஒரு துளை குறைத்தால் நிதானம். முதல் தடவை முள்ளைச் செருகுவதற்குள் கை வழுக்கி, ஆலன் கீ சுழன்று கட்டைவிரலில் அடித்தது. நகம் நீலம்.

முதலில் இறுக்கமாக வைத்தேன். படாரென்று மூடியது. தூங்கிக்கொண்டிருந்த கவின் அலறினான். இதில் அவன் விரல் மாட்டினால் என்ன ஆகும்? குறைத்தேன். இன்னும் குறைத்தேன். இப்போது பூனை மாதிரி வந்து சத்தமில்லாமல் ஒட்டிக்கொள்கிறது. சும்மா திறந்து திறந்து விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். நன்றாக இருந்தது.

மாமாவுக்குப் பிடிக்கவில்லை. நீள இழை சுற்றிய பாவு உருளையைத் தோளில் வைத்துக்கொண்டு உள்ளே நுழைந்தார், கதவு முதுகில் வந்து சாய்ந்தது.

"இன்னாடா இது, எம் பின்னாடியே வருது. என் வூட்ல எனக்கே மரியாத இல்லியா?"

செங்கல் ஒன்றை முட்டுக் கொடுத்தார். நான் எடுத்தேன். மறுபடி கொடுத்தார். அக்கா வந்து செங்கல்லை எடுத்துக்கொண்டு போய்த் தெருவில் போட்டுவிட்டு வந்தாள்.

அத்தைக்கு அக்காவே போன் போட்டாள். கதவு போட்டாச்சு, கவின் இங்கேயே இருக்கட்டும் என்று சொன்னாள். குரலே வேறு மாதிரி இருந்தது.

நவ. 13, வியாழன்

எழுதவே பிடிக்கவில்லை. எழுதிவிடுகிறேன்.

பட்டறையில் ஜன்னல் பிரேம் வெட்டிக்கொண்டிருந்தேன். அக்கா போன். எடுத்தால் மூச்சு வாங்குகிற சத்தம். பிறகு, கவினைக் காணோம். வண்டியை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

தெருவே தேடிக்கொண்டிருந்தது. எதிர் வீட்டு நெசவாளிகள் இரண்டு பேர் சாக்கடை மூடியைத் தூக்கிப் பார்க்கிறார்கள். மாமா பட்டுக் கடைக்குப் போயிருந்தவர் அப்போதுதான் வருகிறார். அக்கா கட்டில் அடியில், பீரோ பின்னால், மாடிப்படியில், எல்லா இடத்திலும் பார்த்துவிட்டாளாம். தறி ரூமில்? அதுதான் மூடியிருக்கிறதே என்றாள்.

திறந்தேன். உள்ளே இருந்தான். குழி விளிம்புக்கு ஒரு சாண் இந்தப் பக்கம். நாடாவுக்குள் போடுகிற, நூல் சுற்றிய தார்க் குச்சிகள் வைத்திருக்கும் டப்பாவைக் கவிழ்த்துவிட்டு, வாய் நிறைய ஆரஞ்சுப் பட்டு. குழியில் தண்ணீர் அசையாமல் இருந்தது.

என்ன நடந்தது என்பது கதவைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. கதவு தறி ரூமுக்குள் திறக்கிற கதவு. நான் அவன் விரலுக்காக ஸ்பிரிங்கைத் தளர்த்தி வைத்திருக்கிறேன். தலையால் முட்டித் தள்ளியிருக்கிறான், திறந்திருக்கிறது. உள்ளே போய்விட்டான். பின்னாலேயே கதவு சமத்தாக மூடிக்கொண்டது. திறந்து கிடந்திருந்தால் அக்கா முதலில் அங்கேதான் ஓடியிருப்பாள். மூடியிருந்ததால் அந்தப் பக்கமே போகவில்லை.

பிள்ளையை உள்ளே விட்டுப் பூட்டுகிற கதவைச் செய்து கொடுத்திருக்கிறேன்.

மாமா கத்துவார் என்று பார்த்தேன். கத்தவில்லை. பட்டு நூலை அவன் வாயிலிருந்து விரல் விட்டு இழுத்து எடுத்தார், இழை இழையாக. அக்கா போனை எடுத்தாள்.

"ஞாயித்துக்கெழம வந்து கூட்டிக்கினு போங்க அண்ணி."

அவ்வளவுதான் சொன்னாள். வைத்துவிட்டாள். என்னைப் பார்த்து, கதவைக் கழற்றிவிடு என்றாள். சாப்பிடவில்லை. நானும்.

நவ. 14, வெள்ளி. காலையில் மழை, பிறகு நின்றது

ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு போனேன். அக்கா தடுத்தாள். வெள்ளிக்கிழமை வீட்டில் கதவைக் கழற்றக் கூடாதாம். விளக்கு வைக்கிற நாளில் நிலை வெறுமையாக நிற்கக் கூடாதாம். நேற்று அவ்வளவு கோபம், இன்று இது. சரி என்று தாழ்ப்பாளைப் போட்டு, அதன் மேல் சணல் கயிறு கட்டிவிட்டு வந்தேன்.

அதனால் எனக்கு ஒரு நாள் கிடைத்தது.

பட்டறையில் வேலை ஓடவில்லை. பாஷாவிடம் எல்லாம் சொன்னேன். சிரிப்பான் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. அவனுக்கும் தங்கச்சி குழந்தை இருக்கிறது.

டீ குடிக்க முக்குக் கடை. அங்கே கூல் டிரிங்க்ஸ் பிரிட்ஜ், கண்ணாடிக் கதவு. ஒரு வாண்டு அதைத் தள்ளு தள்ளென்று தள்ளிக்கொண்டிருந்தது. நெற்றியை வைத்துத் தள்ளியது. திறக்கவில்லை. இழுக்க வேண்டும் என்று அதற்குத் தோன்றவே இல்லை. அதன் அம்மா வந்து இழுத்துத் திறந்தாள்.

டீயை அப்படியே வைத்துவிட்டேன்.

கவினுக்குத் தெரிந்தது தள்ளுவது ஒன்றுதான். கதவு அவன் பக்கம் திறந்தால்? கூடத்துப் பக்கம்? அவன் எவ்வளவு தள்ளுகிறானோ அவ்வளவு இறுக்கமாக மூடும். ஸ்பிரிங் பலமாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. தாழ்ப்பாளும் வேண்டாம். இது நேற்று முன்தினமே ஏன் என் மண்டையில் ஏறவில்லை?

பாஷாவிடம் ஓடி வந்து சொன்னேன்.

"டேய் தினேசு, இழுக்கக் கத்துக்கிற வயசு வந்தா?"

"அதுக்குள்ள நடப்பான். அப்ப வேற பண்ணுவேன்."

"நீயா? அதுவரைக்கும் இங்க இருப்பியா?"

பிளைவுட் துண்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தேன். அவனே ரம்பத்தை எடுத்துக் கொடுத்தான். முழுக் கதவு வேண்டாம், பாதி உயரம் போதும் என்று முடிவு செய்தோம். மேலே திறந்திருந்தால் அக்காவுக்கு உள்ளிருந்து கூடம் தெரியும். குழந்தை சத்தம் கேட்காமல் போனாலே அவள் எழுந்து ஓடுவாள். தெரிந்தால் ஓட மாட்டாள்.

அக்காவுக்குப் போன் பண்ணி, இன்னும் ஒரு தடவை முயற்சி பண்ணட்டுமா என்று கேட்டேன்.

"உன் இஷ்டம்டா. அவங்க ஞாயித்துக்கெழம வராங்க."

வேண்டாம் என்று சொல்லவில்லை.

நவ. 15, சனி. பளிச்சென்று வெயில்

காலையிலேயே பழைய கதவைக் கழற்றினேன். மாமா மறுபக்கம் பிடித்துக்கொண்டார், நான் கூப்பிடாமலே. பின்கட்டுச் சுவரில் சாத்தி வைத்தோம்.

அரைக் கதவைக் கூடத்துப் பக்கமாக மாட்டினேன். நிலையில் இந்தப் பக்கம் கதவு வந்து உட்காரப் பள்ளமாக வெட்டிய காடி இல்லை. ரீப்பர் கட்டை ஒன்றை உள்பக்கம் நெட்டுக்கு அடித்தேன், கதவு அதில் வந்து நிற்கும். இரண்டு ஸ்.கீ. போட்டுத் திறந்து விட்டேன்.

பளார்!

பிளைவுட் கதவு, அதுவும் பாதி. எடையே இல்லை. ஸ்.கீ. பழைய தேக்குக் கதவின் எடைக்கு வாங்கியது. எல்லாத் துளையும் குறைத்துப் பார்த்தேன், அப்போதும் அறைகிறது. மாமா கன்னத்தைத் தடவிக்கொண்டே போனார், வேண்டுமென்றே. பிறகு மேலே ஸ்.கீ.யைக் கழற்றிவிட்டுப் பழைய சாதாரண கீலைப் போட்டேன். கீழே மட்டும் ஸ்பிரிங். சரியாகிவிட்டது. கதவு மூடுகிற விளிம்பில் பழைய சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டினேன், கீல் பக்கம் இடுக்கிலும். என் விரலை வைத்து மூடவிட்டுப் பார்த்தேன். அழுத்துகிறது, வலிக்கவில்லை.

அக்காவைக் கூப்பிட்டேன். வந்து தறியில் அவள் இடத்தில் உட்கார்ந்தாள்.

"ஒண்ணும் தெரியலடா. பலகதான் தெரியுது."

நான் நின்றுகொண்டு உயரம் அளந்திருக்கிறேன். அவள் தரையில் உட்கார்ந்தல்லவா நெய்கிறாள். அவள் கண்ணுக்கு நேரே முழுப் பலகை. அதற்கு அந்தப் பக்கம் கவின் என்ன செய்தாலும் தெரியாது. உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று ஏன் தோன்றவில்லை? தினமும் அவள் உட்கார்ந்திருப்பதைத்தானே பார்க்கிறேன்.

எனக்கு விட்டுவிடலாம் போல இருந்தது. நிஜமாகவே ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டேன். அப்போது மாமா தறியில் தொங்குகிற அச்சைத் தொட்டுக் காட்டினார். பாவு இழையெல்லாம் நுழைந்து வருகிற, சீப்புப் பல் மாதிரி இருக்குமே, அது.

"இது மேரி பண்ணுடா. நெட்டுக்கு. படுக்கையா வெச்சா ஏணின்னு நெனச்சி ஏறிடுவான்."

அரைக் கதவைக் கழற்றி எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் பட்டறைக்குப் போனோம். மாமா ரம்பம் பிடித்து நான் பார்த்ததில்லை. கோணலாக அறுத்தார். பாஷா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான்: புடவையில் ஒரு இழை விலகினால் ஊரைக் கூட்டுகிற மனுஷன் கட்டையை இப்படி அறுக்கிறாரே என்று. ரீப்பரை மெல்லியதாகச் சீவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, நடுப்பலகையை வெட்டி எடுத்த இடத்தில் நெட்டுக்கு வரிசையாக அடித்தோம். இடைவெளி கவின் கை நுழைகிற அளவு. தலை நுழையாது. அவன் தலையை மாமா நூலால் அளந்து கொண்டு வந்திருந்தார். பாக்கெட்டிலிருந்து எடுத்தார்.

கொஞ்சம் எடை கூடிவிட்டது, ஒரு துளை ஏற்ற வேண்டியிருந்தது.

சாயங்காலம் சோதனை. அக்காவும் மாமாவும் தறியில். நான் கூடத்தில் சுவரோரம், மூச்சு விடாமல். கவின் தவழ்ந்து வந்தான். கையை வைத்துத் தள்ளினான். தலையை வைத்து முட்டினான். திரும்பி உட்கார்ந்து முதுகால் தள்ளினான், இது நான் எதிர்பார்க்காதது. கதவு கட்டையில் போய் அழுந்திக்கொண்டே இருந்தது. கோபம் வந்து ஒரு கத்து. பிறகு ரீப்பர் இடுக்கில் கையை விட்டான். உள்ளேயிருந்து அக்கா நாடாவைத் தள்ளிக்கொண்டே "கவினு" என்றாள். இவன் கையை ஆட்டினான்.

விளக்கு வைக்கிற வரைக்கும் நெய்தார்கள். அக்கா எழுந்திருக்கவே இல்லை.

ஆனால் அத்தைக்குப் போன் போட்டு வர வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. ராத்திரி கவின் துணியெல்லாம் மடித்துப் பையில் வைத்தாள். நான் ஏன் என்று கேட்கவில்லை. வியாழக்கிழமை அவள் தேடியதை நான் பார்த்தேன். ஒரு கதவை அவள் எப்படி இவ்வளவு சீக்கிரம் நம்புவாள்?

நவ. 16, ஞாயிறு. மூட்டம்

அத்தை காலை பஸ்ஸிலேயே வந்துவிட்டார். குடை, ஒரு பை வாழைப்பழம், கவினுக்கு ஒரு பிளாஸ்டிக் யானை. கதவைப் பார்க்கவே இல்லை. பார்க்கக் கூடாது என்று இருந்த மாதிரி தெரிந்தது. டீ குடித்தார். என்னை, வேலை எப்படி என்று கேட்டார். வேலை இருக்கிறது என்றேன்.

பிறகு மாமாவைப் பார்த்து, வழக்கம் போல இரண்டு பேரும் போய்த் தறியில் உட்காருங்கள் என்றார். நான் ஒருத்தி இங்கே இல்லை என்று நினைத்துக்கொள்ளுங்கள் என்றார். அவர்கள் போய் உட்கார்ந்தார்கள். தரையில் பாயை விரித்துக்கொண்டு அத்தையும் உட்கார்ந்தார், கண்ணை மூடின மாதிரி. மூடவில்லை.

கவின் யானையைக் கொஞ்ச நேரம் கடித்தான். எறிந்தான். நேராகக் கதவுக்கு. முட்டினான். கதவு நின்றது. அப்புறம் அவன் முட்டவே இல்லை. ரீப்பரைப் பிடித்து எழுந்து நின்றான். முதல் தடவையாக நிற்கிறான். உள்ளே தறி ஓடுகிற சத்தத்துக்கு முட்டியை மடக்கி மடக்கி ஆடினான். அக்கா உள்ளேயிருந்து பார்த்துவிட்டாள். நாடாவைக் கோட்டை விட்டாள். மாமா திட்டினார், திட்டிக்கொண்டே அவரும் திரும்பிப் பார்த்தார்.

அத்தை எழுந்து வந்தார். கதவைத் திறந்து விட்டார். மூடியது. பாதி திறந்து விட்டார். மூடியது. ஒரு விரல் அளவு மட்டும் திறந்து விட்டார், அதுதான் கஷ்டம், தளர்வான ஸ்பிரிங் அங்கேதான் சோம்பும். மெதுவாக வந்து மூடியது.

"நீ பண்ணதா?"

"ஆமா அத்த. மாமாவும்."

"எதிலயும் நிக்க மாட்டான்னு உங்கப்பா என்னாண்ட பொலம்பிக்கினு இருந்தாரு."

உள்ளே போய் அக்கா பக்கத்தில் குந்திக்கொண்டார். அவர் அங்கிருந்து கூடத்தைப் பார்ப்பது எனக்குத் தெரிந்தது. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, பையில் எல்லாம் எடுத்து வைத்துவிட்டேன் அண்ணி என்றாள்.

"அங்க வந்தா அவன் யாரப் பாத்து இப்டி ஆடுவான்? என் மூஞ்சியயா? இருக்கட்டும்மா. நான் வந்து வந்து பாத்துக்கினு போறேன்."

அக்கா அழுதாள். மாமா தறியை நிறுத்தவில்லை, ஆனால் கால் தப்பான மிதியில் போனது.

மத்தியானம் கோழிக் குழம்பு. அத்தை நாலு நாள் இருந்துவிட்டுப் போகிறாராம். பையிலிருந்து கவின் துணியை அவரே எடுத்துக் கொடியில் போட்டார், மடித்ததையெல்லாம் கலைத்து. என்னிடம் கேட்டார், அவர்கள் வீட்டில் சமையலறைக்கு நாய் வருகிறது, அங்கேயும் இது மாதிரி போட முடியுமா என்று. எந்தப் பக்கம் திறக்கிற கதவு என்று முதலில் கேட்டேன். வந்து உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் சொல்வேன் என்றேன். பாஷாவிடம் ஒரு வாரம் லீவு கேட்க வேண்டும். தருவான். அந்தப் பக்கம் ஸ்.கீ. கிடைக்குமா தெரியவில்லை, இங்கேயே லேசான ரகமாகப் பார்த்து வாங்கிக்கொண்டு...

அத்தை கூப்பிடுகிறார். கதவு குதிகாலில் வந்து இடிக்கிறதாம். முட்டி வலி, வேகமாகத் தாண்ட முடியவில்லை. ஒரு துளை குறைத்தால் அவருக்குச் சரி, ஆனால் அந்த ஒரு விரல் இடுக்கில் மூடுமா என்று மறுபடி பார்க்க வேண்டும். ஆலன் கீ கவின் கையில் இருக்கிறது. வாய்க்குப் போவதற்குள் போக வேண்டும்.